எண்ணெய்த்தாளும் பளிங்கும்

(சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் வட்டாரத் தமிழ்க் கைவினை ஆர்வலர்கள் கூடிய ஒரு சனிக்கிழமை மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இவ்வளவு மழையிலும் வந்திருக்கிறீர்கள். பின்வரிசை அக்காமார் கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்தால் என் தொண்டை பிழைக்கும்.

வரும் வழியில் தேக்காவில் இறங்கி இரண்டு உளுந்துவடை வாங்கினேன். வடையை ரயில் ஏறுவதற்கு முன்பே தின்று முடித்துவிட்டேன், உங்களுக்குப் பங்கு இல்லை. ஆனால் வடை வைத்துக் கொடுத்த தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். இதோ பாருங்கள். வடை உட்கார்ந்திருந்த இடத்தில் வட்டமாக ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. பின்னால் என் விரலை வைக்கிறேன், தெரிகிறதா? ஓரத்தில் எண்ணெய் படாத இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. சின்ன வயதில் நம்மில் பலர் தாளில் தேங்காய் எண்ணெய் தடவி, படத்தின் மேல் வைத்து நகல் எடுத்திருப்போம். டிரேசிங் பேப்பர் வாங்கித் தருகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த வித்தை தெரியாது.

காகிதக் கைவினையில் கண்ணாடித் தோற்றம் கொண்டுவருவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "எந்த பாட்டில் வாங்கணும்?" என்பதுதான். பிராஸ் பாசா கட்டடத்துக் கடைகளில் ஏறினால் ஒரு சுவர் முழுக்க பாட்டில்கள். கிளேஸ், வார்னிஷ், ரெசின், கிளாஸ் கலர். வாங்கி வந்து வாழ்த்து அட்டையில் தடவுகிறோம். காய்ந்ததும் என்ன கிடைக்கிறது? பளபளவென்ற அட்டை. கண்ணாடி கிடைப்பதில்லை. சுண்ணாம்புச் சுவருக்கு எண்ணெய்ச் சாயம் அடித்த மாதிரி இருக்கும். பளபளப்பு வேறு, கண்ணாடி வேறு. இன்று நான் சொல்ல வந்தது இதுதான். கடைக்குப் போவதற்கு முன்னால் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? காற்று எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது?

காற்று ஏன் வந்தது என்று கேட்கிறீர்கள். காகிதம் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? அது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். தனி இழைக்கு வெள்ளை நிறமே கிடையாது, அது தெளிவானது. ஒளி ஒரு பொருளுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதை ஒளிவிலகல் எண் என்ற கணக்கால் சொல்வார்கள். காற்றுக்கு அது 1. செல்லுலோஸுக்குச் சுமார் 1.53. நம் வீட்டு ஜன்னல் கண்ணாடிக்குச் சுமார் 1.52. கேட்டீர்களா? ஒளியின் கணக்கில் காகித இழையும் ஜன்னல் கண்ணாடியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நடுவில் புகுந்து குழப்பம் செய்வது காற்று. இழை, காற்று, இழை, காற்று என்று மாறி மாறி வரும்போது ஒளி ஒவ்வோர் எல்லையிலும் தெறித்துச் சிதறுகிறது. அந்தச் சிதறலைத்தான் நாம் வெள்ளை என்று பார்க்கிறோம். உப்புத்தூள் வெள்ளை, உப்புப் படிகம் தெளிவு, அதே கதை.

வடை எண்ணெய் செய்த வேலை இப்போது புரிந்திருக்கும். அது காற்று இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எண்ணெயின் எண் சுமார் 1.47. இழையின் எண்ணுக்குப் பக்கம். ஒளிக்கு முட்டி மோத எல்லை இல்லாமல் போனதால் நேராகக் கடந்துவிட்டது. வெள்ளைப் பசை ஈரமாக இருக்கும்போது பால் மாதிரி இருந்து, காய்ந்ததும் தெளிவாவதும் இதே காரணத்தால்தான். துளித்துளியாகத் தண்ணீரில் மிதந்தது, தண்ணீர் போனதும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே படலமாகிவிடுகிறது. டிரேசிங் தாளைச் செய்கிறவர்களில் பலர் எண்ணெயே தொடுவதில்லை. கூழை அரைக்கிறார்கள், அரைக்கிறார்கள், இழைகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டி நடுவில் காற்றுக்கு இடமே இல்லாத வரை அரைக்கிறார்கள். கிளாசின் தாளில் அதோடு உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தேய்ப்பதும் சேரும். பெயரிலேயே கிளாஸ் இருக்கிறது.

கண்ணாடி என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், தமிழ்க் கூட்டத்தில் சொல்லாராய்ச்சி செய்யாமல் இறங்கினால் விடமாட்டீர்கள். ஆடி என்றால் பழந்தமிழில் முகம் பார்க்கும் கண்ணாடி. ஒளி ஊடுருவும் பொருளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் பளிங்கு. குறிப்பறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் பளிங்கை உவமையாக்குகிறார். பக்கத்தில் இருப்பதைத் தன்னில் காட்டுவது அதன் குணம், நெஞ்சில் இருப்பதை முகம் காட்டுவது போல என்கிறார். கைவினைக்காரியான எனக்கு அது ஒரு செய்முறைக் குறிப்பு. கண்ணாடிக்குத் தனக்கென்று முகம் கிடையாது. அதன் அடியிலும் பின்னாலும் நீங்கள் எதை வைக்கிறீர்களோ அதுதான் அதன் முகம். மணிமேகலையின் நான்காம் காதைக்குப் பளிக்கறை புக்க காதை என்று பெயர். உவவனம் என்ற சோலையின் பளிங்கு அறைக்குள் மணிமேகலை ஒளிந்துகொள்கிறாள். உருவம் வெளியே தெரியும், குரல் வெளியே கேட்காது. அந்த அறையைக் காகிதத்தில் செய்யச் சொல்லி என் மாணவியர்க்கு ஒருமுறை வேலை கொடுத்தேன். ஏழு பேரில் ஆறு பேர் சுவரைப் பளபளப்பாக்கினார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் சுவரை மங்கலாக விட்டுவிட்டு, உள்ளே ஒரு நிழலுருவத்தை வெட்டி வைத்து, பின்னால் சின்ன விளக்கு வைத்தாள். அவள் செய்ததுதான் பளிங்கு.

எனக்குச் சொந்த ஊர் திருச்சி. எங்கள் தெருவில் பட்டை தீட்டும் சக்கரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். செயற்கைக் கல்லை வைரம் போலப் பட்டை போடுகிற தொழில் அங்கே வீட்டுக்கு வீடு நடந்தது. போலி என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் வெட்கத்தோடு சொல்ல மாட்டார்கள், அது சோறு போட்ட சொல். ஆனால் அதற்கும் முந்தைய ஒரு போலிக் கண்ணாடித் தொழில் திருச்சியில் இருந்தது என்பது எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. அது காக்காப்பொன் ஓவியம்.

காக்காப்பொன் என்றால் அப்பிரகம், மைக்கா. பாறையிலிருந்து ஏடு ஏடாகப் பிரியும், ஒளி ஊடுருவும், வளைந்துகொடுக்கும், தீயில் கருகாது. 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் அந்த மெல்லிய ஏடுகளின் மேல் படம் வரைந்து, வந்து போகும் ஆங்கிலேயர்களுக்கு விற்றார்கள். வடக்கே பாட்னா, முர்ஷிதாபாத், காசி ஆகிய ஊர்களிலும் இந்தத் தொழில் இருந்தது. தெற்கில் பேர்போனது திருச்சி. பல்லக்குத் தூக்கிகள், தண்ணீர் சுமக்கும் பெண்கள், சமையல்காரர், தையற்காரர், சாமி ஊர்வலம் என்று வரிசை வரிசையாகத் தொகுப்புகள். கண்ணாடி ஓவியம் வாங்கினால் கப்பலில் உடைந்து போகும். இது எடையே இல்லாதது, ஆல்பத்தில் ஒட்டலாம், கடிதத்துக்குள் வைத்து ஊருக்கு அனுப்பலாம். புகைப்பட அஞ்சலட்டை வருவதற்கு முன்பு அதுதான் அஞ்சலட்டை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவை இருக்கின்றன.

அந்த ஓவியர்கள் பட்ட பாட்டை நாமும் படுகிறோம் என்பதால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன். காகிதம் சாயத்தைக் குடிக்கும். காக்காப்பொன் குடிக்காது. அதனால் சாயம் மேலேயே உட்கார்ந்திருக்கும், காலப்போக்கில் செதில் செதிலாக உதிரும். பழைய ஏடுகள் பலவற்றில் முகம் பாதி போயிருக்கும், மீசை மட்டும் மிச்சமிருக்கும். இன்று நீங்கள் ஓஎச்பி தாள் என்கிற தெளிவான பிளாஸ்டிக் தாளில் அக்ரிலிக் சாயம் பூசி, ஒரு மாதம் கழித்து நகத்தால் சுரண்டினால் வருகிறதே, அதே நோய். அதற்கு மருந்து, பூசுவதற்கு முன் தாளை ஸ்பிரிட்டால் துடைத்து விரல் எண்ணெயைப் போக்குவது, அதற்கென்று வரும் கிளாஸ் கலரையே பயன்படுத்துவது. இன்னொன்றையும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். சில தொகுப்புகளில் ஒரு கெட்டி அட்டையில் தலை மட்டும் வரைந்திருக்கும். உடைகள் வரைந்த காக்காப்பொன் ஏடுகள் தனியாக இருக்கும். ஓர் ஏட்டைத் தலைமேல் வைத்தால் அவர் பூசாரி, அதை எடுத்து இன்னொன்றை வைத்தால் சிப்பாய். ஏட்டுக்கும் அட்டைக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருக்கிறது பாருங்கள், அதனால் சாயத்தின் நிழல் அட்டையில் விழும். அந்த நிழல் விழுந்த நொடியில்தான் கண் இதைக் கண்ணாடி என்று நம்புகிறது.

ஆகவே முன்னே சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். தாளுக்குள் மாட்டிக்கொண்ட காற்று நமக்கு ஆகாது. இரண்டு தாளுக்கு நடுவே நாம் தெரிந்தே விடுகிற காற்று மிக நல்லது. வாழ்த்து அட்டையில் நிறம் தீட்டிய ஒளி ஊடுருவும் தாளை நேராக ஒட்டாதீர்கள். நான்கு மூலையில் ஃபோம் டேப் வைத்து இரண்டு மில்லிமீட்டர் தூக்கி ஒட்டுங்கள். இருபது வெள்ளி பாட்டில் செய்யாத வேலையை இரண்டு மில்லிமீட்டர் காற்று செய்யும்.

திருச்சியிலிருந்து பாசிர் ரிஸுக்கு வருவோம். 1994இல் நாங்கள் இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்குக் குடிவந்தோம். ரயில் நிலையம் 1989 டிசம்பரில் திறந்து ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை, பாதி இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. வந்த ஆண்டே சீனர்களின் மூன்கேக் விழா. இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகள் எல்லாம் விளக்கைத் தூக்கிக்கொண்டு புளோக் கீழே இறங்கினார்கள். கம்பியை வளைத்து மீன், சேவல், முயல், விமானம் என்று சட்டம். அதன் மேல் சிவப்பு, பச்சை, மஞ்சள் கண்ணாடித்தாள். உள்ளே சின்ன மெழுகுவத்தி. அசைந்தால் தாள் சலசலக்கும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எங்கேயாவது ஒரு மீன் தீப்பிடித்து, ஒரு பிள்ளை அழும், அப்பா செருப்பால் மிதித்து அணைப்பார். என் மகன் இரண்டாவது சேவலையும் எரித்துவிட்டு மூன்றாவது கேட்டான். இப்போது விற்பது பேட்டரி போட்ட பிளாஸ்டிக் பொம்மை, பாட்டு வேறு பாடுகிறது. எரியாது, சரி. அழகு இல்லை என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

கண்ணாடித்தாள் என்று தமிழில் நாம் சொல்கிற செலோஃபேனைப் பற்றி எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. ஏன் தெரியுமா? அது கண்ணாடி போல நடிக்கிற பிளாஸ்டிக் இல்லை. அது காகிதம். காகிதம் எந்த மரக்கூழிலிருந்து வருகிறதோ அதே செல்லுலோஸைக் காரத்திலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்துத் தேன் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். மெல்லிய பிளவு வழியாக அமிலத் தொட்டிக்குள் அதை விடுகிறார்கள். அங்கே அது மறுபடி செல்லுலோஸாக உறைகிறது, ஆனால் இழையாக இல்லை, படலமாக. நடுவில் காற்றே இல்லை. அதனால் தெளிவு. கண்டுபிடித்தவர் ஜாக் பிராண்டன்பெர்கர் என்ற சுவிட்சர்லாந்து வேதியியலாளர். உணவகத்தில் ஒருவர் மேசைவிரிப்பில் மதுவைக் கொட்டியதைப் பார்த்து, கறை படியாத துணி செய்ய ஆசைப்பட்டார் என்பார்கள். துணிமேல் பூசிய படலம் துணியில் ஒட்டாமல் தனியே உரிந்து வந்தது. துணியை விட்டுவிட்டுப் படலத்தைப் பிடித்துக்கொண்டார். 1908இல் அதைத் தயாரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். செல்லுலோஸ் என்ற சொல்லின் தலையையும் ஒளி ஊடுருவும் என்று பொருள்படும் டயாஃபேன் என்ற பிரெஞ்சுச் சொல்லின் வாலையும் சேர்த்துப் பெயர் வைத்தார்.

ஓர் எச்சரிக்கை. இப்போது கடையில் செலோஃபேன் என்று விற்கும் சுருள்களில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன். எப்படிக் கண்டுபிடிப்பது? மடித்துப் பாருங்கள். அசல் கண்ணாடித்தாளில் மடிப்பு நிற்கும். பிளாஸ்டிக் எழுந்துகொள்ளும். ஒரு துண்டைக் கழுவுதொட்டியில் வைத்துக் கொளுத்துங்கள். அசல் என்றால் காகிதம் எரிகிற வாடை, பிளாஸ்டிக் என்றால் சுருங்கி உருகிச் சொட்டும். நமக்கு ஏன் இது முக்கியம்? அசல் தாள் ஈரத்தைக் குடித்தால் நெகிழும், காய்ந்தால் இறுகும். ஐரோப்பிய வீடுகளில் ஜாம் புட்டிக்கு மூடி கட்டும்போது கண்ணாடித்தாளை ஒரு பக்கம் நனைத்துக் கட்டுவார்கள், காய்ந்ததும் மத்தளத் தோல் மாதிரி விறைத்துவிடும். கம்பிச் சட்டத்துக்குத் தாள் போர்த்தும்போது நானும் இதையே செய்கிறேன். ஈரத் துணியால் லேசாக ஒற்றி, ஓரத்தில் பசை வைத்துச் சுற்றிவிட்டு, விசிறிக்கு முன்னால் வைத்துவிடுவேன். சுருக்கம் எல்லாம் தானாகப் போய்விடும். பிளாஸ்டிக் சுருளில் இந்த வித்தை பலிக்காது.

இவை எல்லாம் பின்னாலிருந்து வெளிச்சம் வரும் சாதி. இலங்கையில் மூங்கிலில் செய்யும் வெசாக் விளக்குக் கூடும் இதே சாதிதான். முன்னாலிருந்து வெளிச்சம் வருவது வேறு சாதி. அதைப் பார்க்க வேண்டுமானால் பாலத்தைத் தாண்டுங்கள். ஜொகூர் பாருவில் ராஜகாளியம்மன் கோயில், 2009இல் கண்ணாடிக் கோயிலாக உருமாறியது. சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள். அங்கே எந்தத் துண்டுக்குப் பின்னாலும் விளக்கு இல்லை. எதிரே இருக்கும் சரவிளக்கின் ஒளி உள்ளே போய், அடியில் முட்டி, திரும்பி வருகிறது. ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் கோணலாகப் பதிந்திருப்பதால் நீங்கள் நடக்க நடக்க வேறு வேறு துண்டு கண்சிமிட்டும். தெருக்கூத்தில் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடத்துக்கும் தோள்கட்டைக்கும் கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டுவார்களே, அதிலும் இதுதான் சூட்சுமம். துரியோதனன் கிறுகிறுவென்று சுற்றும்போதுதான் அந்தக் கட்டைக்கு உயிர் வரும்.

கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள், 2015 மே மாதம் திறந்தது. படிக்கிணற்றை மனத்தில் வைத்து முகப்பு வடித்ததாகச் சொல்வார்கள். பகல் வெயிலில் அது நகை மாதிரி மினுங்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. இருட்டியதும் உள்விளக்கில் கட்டடமே ஒரு கூண்டு விளக்காகிவிடும். ஒரே முகப்பு இரண்டு சாதியிலும் சேர்ந்துவிடுகிறது. தீபாவளி ஒளியூட்டுக்குப் போகும்போது மாலை ஆறு மணிக்கே போய் நின்று இந்த மாற்றத்தைப் பாருங்கள். கூட்டமும் குறைவாக இருக்கும்.

உங்கள் அட்டை மேசைமேல் படுத்திருக்கப் போகிறதா, ஜன்னலில் தொங்கப் போகிறதா? படுத்திருக்கும் என்றால் ஒளி திரும்பி வர அடியில் ஏதாவது இருக்க வேண்டும். சாக்லேட் சுற்றிய வெள்ளித் தாள் போதும். அதைக் கசக்கி, பாதி நீவி, ஒட்டி, அதன்மேல் தெளிவான படலம் போடுங்கள். கறுப்பு அட்டைமேல் நேராக வார்னிஷ் அடித்தால் தார் ரோடுதான் கிடைக்கும்.

படலத்துக்கு நான் அதிகம் பயன்படுத்துவது எம்போஸிங் பவுடர், அதிலும் பெருங்குருணை வகை. ஒட்டும் மையைத் தடவி, தூளைத் தூவி, ஹீட் கன்னால் உருக்குவது. காற்றை மேலிருந்து அடித்தால் தூள் பறந்துவிடும், அட்டையைத் தூக்கிப் பிடித்து அடியிலிருந்து சூடு காட்டுங்கள். முதல் படலம் சூடாக இருக்கும்போதே இரண்டாவது தூவல், பிறகு மூன்றாவது. ஒரு படலம் பளபளப்பு, மூன்று படலம் கண்ணாடி. ஆறியதும் அட்டையை மெல்ல வளைத்தால் நொறுநொறுவென்று விரிசல் விடும். அதில் பழுப்பு மையைத் தேய்த்துத் துடைத்தால் பாட்டி வீட்டுப் பீங்கான் மாதிரி ஆகிவிடும். வளைக்கும்போது பயப்படக் கூடாது. பயந்தால் விரிசல் ஒரே ஓரத்தில் போய்ச் சேரும்.

கைத்தாள் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊருக்குப் போய்வரும்போது பலர் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் வாங்கி வருகிறீர்கள், 1959இலிருந்து நடக்கிறது அந்தப் பட்டறை. பருத்தித் துணிக்கழிவில் செய்யும் தாள் அது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா 1934இல் காந்தியின் கிராமக் கைத்தொழில் சங்கத்துக்குச் செயலாளராகி, கைத்தாளைத் தூக்கி நிறுத்த உழைத்த கதை தனியாக ஒரு மாலைக்கு உரியது. ஆசிரமக் கைத்தாளில் நீளமான பருத்தி இழை, நிறைய இடைவெளி, நிறையக் காற்று. நேராகப் பசையோ ரெசினோ ஊற்றினால் இட்லித் துணி மாதிரி குடித்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்குப் போலத் திட்டுத் திட்டாக நிற்கும். முதலில் வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மெலிதாக ஒரு கை அடித்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு மேல்வேலையைத் தொடங்குங்கள். தடித்த கைத்தாளை ஒளி ஊடுருவச் செய்யவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், அது சட்டமாக இருக்கட்டும். ஜன்னலுக்கு மெல்லிய தாள் தேடுங்கள்.

காயவிட்டு என்று சொன்னேன். இந்த ஊரில் அது எவ்வளவு பெரிய சொல் என்பது உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கும் மேல். பாட்டிலில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தால் நான் ஓர் இரவு என்று வாசிப்பேன். ஒரு தீபாவளிக்கு நாற்பது அட்டைகளைச் செய்து, தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று அடுக்கி வைத்தேன். காலையில் நாற்பதும் சேர்ந்து ஒரே செங்கல். பிரிக்கப் பிரிக்க ஒன்றின் முகம் மற்றொன்றின் முதுகில் வந்தது. அதிலிருந்து அட்டைகளுக்கு நடுவே சிலிக்கான் பூசிய பேக்கிங் தாள் வைக்காமல் அடுக்குவதில்லை. இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸி ரெசின் இந்த ஈரத்தில் மேலே மங்கலாகப் பூத்துவிடும், மழைநாளில் அதை ஊற்றாதீர்கள். யூவி ரெசின் அந்த வகையில் தேவலாம், விளக்குக்கு அடியில் சீக்கிரம் உறையும். ஆனால் உறையாத ரெசின் தோலில் படக் கூடாது. கையுறை சூடாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தேன், இரண்டு விரலில் அரிப்பு வந்து மூன்று மாதம் படுத்தியது. ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் அடுத்தடுத்த முறை இன்னும் மோசமாகும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். உறைந்த விளிம்பைத் தேய்க்க உப்புத்தாள் வேண்டும், தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது. உப்புத்தாளுக்கு மலாயில் கெர்த்தாஸ் பாசிர். பாசிர் என்றால் மணல். கண்ணாடிக்கு மூலப்பொருளும் மணல்தான், நம் நிலையத்துக்கு எதிரே நிற்கும் கடைத்தொகுதியின் பெயரும் ஒயிட் சேண்ட்ஸ்தான். ஊரின் பெயரிலேயே மூலப்பொருள் இருக்கிறது, வேலை மட்டும்தான் நாம் செய்யவேண்டும்.

மலாய்ச் சொல் என்றதும் இன்னொன்று. ஓவியர்கள் படத்தின் மேல் பூசும் டமார் வார்னிஷ் கேள்விப்பட்டிருப்பீர்கள். டமார் மலாய்ச் சொல், பிசின் என்று பொருள். இந்த வட்டாரத்துக் காட்டு மரங்களில் வடியும் பிசின் 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர் வழியாகவும் உலகத்துக்குப் போனது. நாம் தூபத்தில் போடும் குங்கிலியம் அதற்கு நெருங்கிய உறவு. திருக்கடவூரில் தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கின கலய நாயனார் புகைக்குத்தான் வாங்கினார். டமார் பிசினை டர்பன்டைனில் கரைத்தால் வரும் வார்னிஷின் ஒளிவிலகல் எண் சுமார் 1.54. செல்லுலோஸின் 1.53க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். மெல்லிய தாளில் பூசினால் தேங்காய் எண்ணெயைவிட நன்றாக ஊடுருவும், பிசுபிசுக்காமல் காயும். வருடங்கள் போனால் மஞ்சளாகும், மடித்தால் விரியும். எனக்கு அந்த மஞ்சள் பிடிக்கும்.

கடைசியாகக் கோடு. வண்ணக் கண்ணாடி ஜன்னல் போலச் செய்கிறவர்கள் நிறத்தில் கவனம் வைத்துக் கறுப்புக் கோட்டை அலட்சியமாக இழுத்துவிடுகிறார்கள். விக்டோரியா தெருவில் சைம்ஸ் மண்டபம் இருக்கிறதே, 1904இல் கட்டி முடித்த பழைய கான்வென்ட் தேவாலயம், அதன் ஜன்னல்கள் பெல்ஜியத்திலிருந்து வந்தவை. போய் நின்று ஈயக் கோட்டை மட்டும் பாருங்கள். துண்டுகளைப் பிடித்திருப்பதோடு அது இன்னொரு வேலையும் செய்கிறது. பின்னொளியில் நிறங்கள் கண்ணுக்குள் கசியும், நீலம் பக்கத்து நிறத்தின் மேல் ஏறி உட்காரும். கறுப்பு அதைத் தடுக்கும் வரப்பு. வரப்பு மெலிந்தால் தண்ணீர் பாயும். டியூபிலிருந்து பிதுக்கும் கோடு நடுங்குகிறது என்று கவலைப்படுகிறவர்கள் டியூபை விட்டுவிடுங்கள். கறுப்பு அட்டையில் ஜன்னல் ஜன்னலாக வெட்டி எடுத்துவிட்டு, பின்னாலிருந்து வண்ணத்தாள் ஒட்டுங்கள். வெட்டும் கத்தி புதிதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பேச்சு போதும். ஆளுக்கு ஒரு மெல்லிய தாளும், சாமந்தி இதழ் நாலைந்தும், தேன்மெழுகுச் சீவலும் மேசையில் வைத்திருக்கிறேன். தாளை மடித்து, நடுவில் இதழையும் மெழுகையும் பரப்பி, மேலும் கீழும் பேக்கிங் தாள் வைத்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் அழுத்துங்கள், தேய்க்க வேண்டாம். தேய்த்தால் இதழ் ஓரத்துக்குப் போய்விடும். ஓரத்தில் குமிழி தெரிந்தால் அங்கே இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம், இன்னொருமுறை அழுத்துங்கள். ஆறியதும் தாளோடு அந்த ஜன்னல் பக்கம் வாருங்கள், வெளியே மழை விட்டு நடைவழி விளக்கு போட்டுவிட்டார்கள். தம்பி, இந்த மண்டபத்து விளக்கை மட்டும் கொஞ்சம் அணைத்துவிடுகிறீர்களா?